முத்துவின் பெயரால் ஒரு பறவை

இரண்டு வருடங்களுக்கு முன்னர், தை மாதத்து மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், கொழும்பிலிருந்து தொலைபேசி அழைப்பொன்று வந்தது. பேசியவர் பறவை நோக்கர் சங்கமொன்றின் செயலாளர். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், சிங்களவர், நல்ல மனிதர். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். தங்கள் இணையத்தளத்தைப் புதிதாக வடிவமைப்பதாகவும், இம்முறை மூன்று மொழிகளிலும் ஒழுங்காக வரவேண்டும் என்று நிருவாகக் குழு விரும்புவதாகவும், தமிழ்ப் பகுதியை நான் ஒருமுறை பார்த்துத் தரவேண்டும் என்றும் கேட்டார்.

"எனக்குப் பறவை தெரியாதே" என்றேன். உண்மைதான். பதுளையில் பிறந்து, பத்திரிகைத் தொழிலில் நாற்பது வருடங்களைக் கழித்தவன் நான். காக்கைக்கும் குயிலுக்கும் வேற்றுமை தெரியும். அதற்கு மேல் என்னிடம் கேட்கக் கூடாது. "உங்களுக்குத் தமிழ் தெரியுமே, அது போதும்" என்றார். அது எவ்வளவு தவறான கூற்று என்பது எங்கள் இருவருக்கும் பின்னர்தான் புலப்பட்டது.

பழைய தளத்தைத் திறந்து பார்த்தேன். அதன் தமிழ்ப் பக்கங்களில் ஒரு பகுதி பாமினி எழுத்துருவில் ஏற்றப்பட்டிருந்தது. பத்திரிகைக் காரியாலயங்களில் வேலை செய்தவர்களுக்குப் பாமினியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லையேல் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிய மணற்குவியல்தான் தெரியும். ஒருங்குறித் தரத்தில் தமிழ் 1991-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆயினும் எங்கள் அச்சுக்கூடங்களும் அலுவலகங்களும் அதற்கு வந்து சேர நெடுங்காலமாயிற்று. இந்தச் சங்கத்தின் தமிழ் வரவே இல்லை. பல வருடங்களாக அந்தப் பக்கங்களை எவரும் வாசித்ததில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? வாசித்திருந்தால் ஒருவராவது முறையிட்டிருப்பார்.

மறுபகுதி, இடையில் யாரோ ஓர் ஆர்வலர் இயந்திர மொழிபெயர்ப்பைக் கொண்டு நிரப்பியது. அதில் 'கைட்' எனப்படும் பருந்து, பையன்கள் நூல் கட்டி விடுகிற 'பட்டம்' ஆகியிருந்தது. 'ஸ்வாலோ' எனப்படும் தகைவிலான் 'விழுங்கு' ஆகியிருந்தது. 'கிரேன்' என்னும் நாரையினத்துப் பறவை துறைமுகத்துப் 'பாரந்தூக்கி'யாக நின்றது. தளத்தின் முதற்பக்கத்துக்குப் பெயர் 'வீடு'. சிரித்து முடித்தபின் மனம் கனத்தது. மூன்றாம் மொழியாகத் தமிழ் இருக்கிறது என்று காட்டிக்கொள்ள இவை போதும். தமிழர் ஒருவர் வந்து வாசிப்பார் என்ற எண்ணம் இருந்திருந்தால் இவை ஒரு நாளும் நின்றிருக்க மாட்டா.

வடிவமைப்பை ஏற்றிருந்தவர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பில் கணினித் தொழில் செய்யும் இளைஞர். "எழுத்துருவை மாற்றுவது ஒரு நாள் வேலை ஐயா. மெனு, நிறம், படம், கைத்தொலைபேசிக்கு ஏற்ற அளவு எல்லாம் ஒரு மாதம். ஆனால் 'வரலாறு' பக்கத்தில் என்ன போடுவது, பெயர்ப்பட்டியலில் தமிழுக்கு என்ன போடுவது, இரண்டும் உங்கள் தலையில்" என்றார். அந்த இரண்டும் என் தலையை விட்டு இன்றுவரை இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம்.

இலங்கையில் இயற்கையை நேசிப்போர் சங்கம் கூடியது துப்பாக்கியோடுதான். 1894-இல் வேட்டைப் பிரியர்கள் சேர்ந்து வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தார்கள். சுடுவதற்கு மிருகம் எஞ்ச வேண்டுமே என்ற கவலையும் அதில் இருந்தது. அதுவே பின்னாளில் வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. பறவைக்கென்றே இலங்கைப் பறவைக் கழகம் 1943-இல் தோன்றியது. பல்கலைக்கழகச் சூழலிலிருந்து கள பறவையியல் குழு 1976-இல் எழுந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பு, சங்கம் என்று பெயரில்லாமலே இந்த வேலையைச் செய்தவர்கள் அரசாங்க உத்தியோகத்தரும் படை அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும்.

துரைமாருக்கு இது வாய்த்தமைக்குக் காரணங்கள் உண்டு. காடு வாசலிலேயே இருந்தது. அருகில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. மாலைப்பொழுது நீளமானது. ஏவினால் ஓடுவதற்கு நூற்றுக்கணக்கில் ஆட்களும் இருந்தார்கள். ஊவாவைப் பொறுத்தவரை இந்தப் பட்டியல் சிறிதன்று. காப்பிக் காலத்தில் அப்புத்தளையில் சாமுவேல் பிளை என்னும் தோட்டக்காரர் இருந்தார். மலைக்காட்டு ஓடைக்கரைகளில் அந்தியிலும் விடியலிலும் மட்டும் சீழ்க்கையடிக்கும் கருநீலப் பறவையொன்று இலங்கைக்கே உரியது. மன்னார்ப் பகுதி முத்துச்சிப்பிகளை ஆராய வந்த ஹோல்ட்ஸ்வொர்த் 1872-இல் அதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகம் செய்தபோது, பிளையின் பெயரை அதற்கு இட்டார். இன்றும் அதன் விஞ்ஞானப் பெயரில் 'பிளைகி' என்று அவர் இருக்கிறார். அருகிவரும் பறவை அது. ஹோர்ட்டன் சமவெளியில் அதைப் பார்க்க வெளிநாட்டவர் பனியில் விடிகாலை காத்து நிற்கிறார்கள்.

அப்புத்தளைக்குக் கீழே ஹல்துமுல்லையில் வாழ்ந்த ஓர்மிஸ்டன், இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி 1924-இல் நூல் வெளியிட்டார். பதுளைக்கு முதல் புகையிரதம் வந்த ஆண்டும் அதுவே. அதே பாதையில் உயரத்தில் இருக்கிற ஓஹியாவில், தேயிலைத் தோட்டக்காரரான பிலிப்ஸ் ஓர் எலியைக் கண்டு 1929-இல் புதிய இனமென்று விவரித்தார். ஓஹியாவின் பெயரையே அந்த எலி தாங்கி நிற்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத எலி. இலங்கையின் பாலூட்டிகளைப் பற்றி 1935-இல் அவர் வெளியிட்ட கைந்நூலை இன்றும் ஆராய்ச்சியாளர் புரட்டுகிறார்கள்.

இவர்கள் எவரும் இதற்காகச் சம்பளம் பெற்றவர்கள் அல்லர். பொழுதுபோக்காகச் செய்தார்கள், நேர்த்தியாகவும் செய்தார்கள். அந்தப் பெருமையை மறுக்க நான் வரவில்லை. இலங்கையில் புதிய ஆந்தையினமொன்று 2001-இல் கண்டறியப்பட்டதே, அதன் தொடக்கமும் தீபால் வரகாகொட என்னும் பறவை நோக்கர் இருட்டில் கேட்ட அறிமுகமில்லாத குரலை மறக்காமல் வருடக்கணக்கில் தொடர்ந்ததுதான். பொழுதுபோக்கு என்று நாம் இளக்காரமாகச் சொல்லும் சொல்லுக்குள் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

ஆனால் சங்கத்தின் பழைய 'வரலாறு' பக்கத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது, ஒரு வாக்கியத்துக்கு ஒரு துரை வீதம் வந்துகொண்டே இருந்தார்கள். துரை கண்டார்; துரை சேகரித்தார்; துரை இலண்டனுக்கு அனுப்பினார். கூடவே ஒரு புகைப்படம். மலைச்சரிவில் கூடாரம். நாற்காலிகளில் மூவர், அவர்களின் பெயர்கள் முன்னெழுத்துகளோடு அச்சிடப்பட்டிருந்தன. பின்னால் பெட்டிகளையும் வலைகளையும் பிடித்துக்கொண்டு தலைப்பாகையோடு ஏழு பேர். படக்குறிப்பில் அவர்களுக்குக் கிடைத்த இடம் 'கூலிகளுடன்' என்ற ஒரு சொல். அதைத் தமிழாக்க வேண்டிய பொறுப்பு எனக்கு. சொல் ஏற்கனவே தமிழ்தான். என்ன செய்வது?

என் பாட்டனார் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பங்களாவில் வேலை பார்த்தவர். அந்தத் துரைக்கு வண்ணத்துப்பூச்சிப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் வலையும் கண்ணாடிப் போத்தலுமாகப் பாட்டனாரை அழைத்துக்கொண்டு காட்டோரம் போவாராம். "துரைக்கு ஓட வராது. நான்தான் ஓடுவேன். பிடிச்சது நான், குண்டூசி குத்துனது துரை" என்று சொல்லிச் சிரிப்பார். எந்தப் பூச்சி எந்த மாதத்தில் எந்த ஓடைக்கு வரும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தத் துரையின் பெயர் என்ன என்று ஒருமுறை கேட்டேன். யோசித்துவிட்டு "பெரியதுரை" என்றார். வேறு பெயர் அவருக்குத் தெரியவில்லை. ஆக, துரைக்கு இவர் பெயர் வேண்டியிருக்கவில்லை. இவருக்குத் துரையின் பெயர் வேண்டியிருக்கவில்லை. ஆனால் எழுதுகோல் ஒருவரிடம் மட்டும் இருந்தது. வித்தியாசம் அதுதான்.

இந்த இடத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று எழுதி முடித்துவிட இருந்தேன். அப்போதுதான் பெயர்ப்பட்டியலில் ஈப்பிடிப்பான்கள் வரிசையில் ஒரு விஞ்ஞானப் பெயர் கண்ணில் பட்டது. 'மசிகாப்பா முத்துயி.' லத்தீன் போலவே தோன்றவில்லை. எங்கள் வீட்டுப் பெயர் போல் இருந்தது.

தேடிப் பார்த்தேன். எட்கார் லேயார்ட் என்பவர் 1840-களின் பிற்பகுதியிலும் 1850-களின் தொடக்கத்திலும் இலங்கையில் அரச சேவையில் இருந்தவர். வடக்கே பருத்தித்துறையிலும் பணியாற்றினார். இலங்கைப் பறவையியலுக்கு அடிப்படை இட்டவர்களில் ஒருவர். அவரிடம் முத்து என்றொரு தமிழ்ப் பணியாளர் இருந்தார். சமையற்காரர் என்றும் சொல்வதுண்டு. லேயார்டுக்கு வந்துசேர்ந்த பறவைகள் பல முத்து தேடிக் கொணர்ந்தவை. பழுப்பு மார்புடைய சிறிய ஈப்பிடிப்பான் ஒன்றை 1854-இல் புதிய இனமாக விவரித்தபோது, லேயார்ட் அதற்கு ஆளுநர் பெயரையோ தம் மனைவியின் பெயரையோ இடவில்லை. முத்துவின் பெயரை இட்டார்.

வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்சீனம் வரையுள்ள மலைகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை அது. நிழலான மரச்செறிவில், கிளையொன்றில் அமர்ந்திருந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கிளைக்குத் திரும்பும்; அதிகம் பேசாது. இமயத்தின் கிழக்கோரத்துக்கும் எங்கள் தீவுக்கும் இடையே 170 வருடங்களாக ஒரு தமிழ் வேலைக்காரனின் பெயர் ஆண்டுதோறும் பறந்து போய் வந்துகொண்டிருக்கிறது. தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு எழுபது வயது தாண்டும்வரை தெரியாது.

சங்கத்தின் பழைய தளத்தில் அந்தப் பறவையின் ஆங்கிலப் பெயர் இருந்தது. லேயார்டின் பெயரால் வழங்கும் மறுபெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தது. தமிழ்க் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது. முத்துவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

லேயார்டை மகானாக்க வேண்டியதில்லை. அவர் எசமான், முத்து ஏவலாள். முத்துவின் முழுப்பெயரோ, ஊரோ, தகப்பன் பெயரோ அந்தப் பறவையின் பெயரோடு வரவில்லை. எனினும், கொணர்ந்தவன் யார் என்ற கேள்வி அவருக்குத் தோன்றியிருக்கிறது. விடையை எழுதியும் வைத்திருக்கிறார். மலாய்த் தீவுக்கூட்டத்தில் அலைந்த வாலஸுக்கும் அலி என்றொரு இளைஞர் இருந்தார். 1858-இல் பச்சான் தீவில் சொர்க்கப் பறவையினத்தைச் சேர்ந்த புதிய பறவையொன்றை வாலஸின் கையில் கொண்டுவந்து கொடுத்தவர் அந்த அலிதான். வாலஸ் அதைத் தம் நூலில் மறைக்காமல் எழுதினார். ஆனால் பறவை வாலஸின் பெயரில் நிற்கிறது. எழுதுகோல் பிடித்தவர்களிலும் வகைகள் உண்டு.

நிற்க. இதிலே என் சொந்தக் கணக்கொன்றையும் தீர்க்க வேண்டியிருக்கிறது.

நான் பத்திரிகைக்கு வந்த புதிதில், கொழும்பு நாளிதழொன்றுக்கு ஏழு வருடங்கள் பதுளையிலிருந்து செய்தி அனுப்பினேன். மண்சரிவு, லயத்தில் தீ, தோட்டத்து வேலைநிறுத்தம், தேர்த் திருவிழா, விபத்து என்று எழுதினவற்றுக்கு எல்லை இல்லை. அச்சில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: 'பதுளை நிருபர்'. எங்கள் பத்திரிகையுலகில் வெளியூர் நிருபர்களுக்கு அதுதான் மரபு. பெயர் கொழும்பில் இருப்பவர்களுக்கு. பின்னர் நான் கொழும்புக்குப் போய் ஆசிரிய பீடத்தில் அமர்ந்தபோது, பசறை நிருபர், லுணுகலை நிருபர், மடுல்சீமை நிருபர் என்று நானே அடைப்புக்குறி போட்டேன். அந்த மனிதர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். அவர்களோடு தேநீர் குடித்திருக்கிறேன். ஆனாலும் பெயரை வெட்டிவிட்டு ஊரைப் போட என் கை கூசவில்லை. இடம் போதாது என்பது ஒரு காரணம். வழக்கம் என்பது உண்மையான காரணம். ஆகவே 'கூலிகளுடன்' என்று எழுதிய அந்தப் பழைய செயலாளர்மேல் கல்லெறியும் தகுதி எனக்கு இல்லை.

இனிப் பெயர்ப்பட்டியலுக்கு வருகிறேன். சங்கத்தாருக்கு இது சிறு காரியம். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு தமிழ்ப்பெயர், ஒரு கட்டம், அவ்வளவுதான். ஆனால் எந்தத் தமிழ்?

அச்சில் தேடினால் எதிர்பாராத செல்வம் இருந்தது. பீரங்கிப் படையில் அதிகாரியாக இலங்கைக்கு வந்த லெக்கே, 1878 முதல் 1880 வரை வெளியிட்ட இலங்கைப் பறவைகளின் பெருநூலில் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் திரட்டியிருந்தார். இவரே பின்னர் தாஸ்மேனியாவுக்குத் திரும்பி, 1901-இல் தோன்றிய ஆஸ்திரேலியப் பறவையியலாளர் சங்கத்தின் முதல் தலைவரானவர். அவருக்குப் பின் ஹென்றி. இலங்கையிலே பிறந்து கொழும்பு அரும்பொருட்காட்சிச்சாலையில் பணியாற்றியவர், ஓவியரும் கூட. 1955-இல் வெளிவந்த அவருடைய பறவைக் கைந்நூலும் தமிழ்ப்பெயர்களைத் தந்தது.

அந்த வருடத்தைக் கவனியுங்கள். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் பல இலட்சம் பேர் நாடற்றவர்களாகி ஏழு வருடங்கள் கழிந்திருந்தன. தமிழரின் வாயிலிருந்த பறவைப் பெயர் நூலில் இடம்பெற்றது. அந்த வாய்களுள் பெரும்பகுதி வாக்காளர் இடாப்பில் இல்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துதான் எஞ்சியவர்களின் கணக்கு முடிந்தது. பறவைக்குக் கடவுச்சீட்டு வேண்டாம் என்று பேச்சாளர்கள் மேடையில் சொல்வது வழக்கம். எங்கள் மலைகளில் அது வெறும் அணியன்று.

நூல்களில் இருந்த தமிழ்ப்பெயர்களில் பெரும்பாலானவை கீழ்நாட்டிலும் வடக்கு, கிழக்கிலும் பரவலாகக் காணப்படும் பறவைகளுக்குரியவை. யாழ்ப்பாணத்தார் செண்பகம் என்பதைத் தமிழகத்தில் பலர் செம்போத்து என்பார்கள். மலையகத்தில் இரண்டையும் கேட்கிறோம். பாட்டன்மார் எந்த மாவட்டத்திலிருந்து கப்பலேறினார்கள் என்பதைப் பொறுத்தது அது. தமிழகத்தில் க. ரத்னம் போன்றோர் பறவைப் பெயர்களைத் தொகுத்து நமக்குப் பேருதவி செய்திருக்கிறார்கள். ஆனால் தமிழகத்தில் இல்லாத, இலங்கை மலைக்கே உரிய பறவைகளுக்கு அங்கே பெயர் எப்படிக் கிடைக்கும்? இத்தீவுக்கே உரிய பறவைகள் 30-க்கும் மேல். அவற்றிற் பல எங்கள் மலைகளில்தான் வாழ்கின்றன. தேயிலைக்கு நடுவே, கவ்வாத்து மலையில், ஓடைக்கரையில் நாளெல்லாம் நிற்கிறவர்கள் அவற்றை ஏதோ ஒரு பெயரால் அழைக்கத்தானே வேண்டும்?

கேட்டுப் பார்ப்போம் என்று நானும் அந்த இளைஞரும் இரண்டு சனிக்கிழமைகள் அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் படங்களை எடுத்துக்கொண்டு போனோம். பொதுவான பறவைகளுக்குப் பெயர்கள் மளமளவென்று வந்தன. மலைக்குரியவற்றில் சிலவற்றுக்குப் பெயர் இல்லை. ஆனால் வரலாறு இருந்தது. சீழ்க்கைப் பூங்குருவியின் படத்தைக் காட்டியபோது, ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர், "இது இப்ப இல்லீங்க. மேல் ஆத்துல காடு இருந்தப்போ விடியக்கால பிரட்டுக்குப் போறப்ப விசிலடிக்கும். காடு வெட்டுனாங்க, போயிருச்சு" என்றார். பெயர் கேட்கப் போன இடத்தில் ஒரு பறவை எப்போது, ஏன் காணாமற் போயிற்று என்ற பதிவு கிடைத்தது. சங்கத்தின் மாதாந்தக் குறிப்புகளில் அந்த ஓடையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அங்கத்தவர் எவரும் அங்கே வாழவில்லையே!

திரும்பி வரும்போது இளைஞர் சொன்னார்: "ஐயா, ஒரு பறவைக்கு ஒரு தமிழ்ப்பெயர் என்று கட்டம் போட்டால் ஒத்துவராது. பல பெயர்களைப் போடலாம். ஒவ்வொன்றுக்கும் எந்த ஊர் வழக்கு என்று போடலாம். தேடும்போது எந்தப் பெயரை அடித்தாலும் அந்தப் பறவை வரும்படி செய்யலாம். அப்புத்தளை, ஹப்புத்தளை, ஹப்புதலை எல்லாம் ஒரே ஊர் என்றும் கணினிக்குச் சொல்லிவிடலாம்." நாற்பது வருடங்கள் எழுத்துப்பிழை திருத்தியவன் நான். பிழை என்று வெட்டாமல் எல்லா வழக்கையும் உள்ளே விடுகிற ஒரு முறை உண்டு என்பதை இந்தப் பிள்ளையிடம் கற்றேன்.

பெயர் இல்லாத பறவைகளுக்குப் புதிதாக ஆக்கிய பெயர்களை 'புதிய ஆக்கம்' என்று குறித்தே இட்டோம். மக்கள் வழக்கையும் எங்கள் கற்பனையையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் நாளைக்கு ஆராய வருகிறவன் ஏமாறுவான்.

இவற்றையெல்லாம் நிருவாகக் குழு மகிழ்ச்சியோடு ஏற்றது. பிரச்சினை வந்தது வேறிடத்தில்.

புதிய தளத்தில் பறவைப் பதிவுப் படிவம் ஒன்று உண்டு. பறவை, இடம், நாள், நேரம், எண்ணிக்கை, பதிந்தவர். அமெரிக்காவில் 2002-இல் தொடங்கிய 'ஈபேர்ட்' வந்தபின் உலகெங்கும் இவ்வாறான படிவங்கள் பெருகிவிட்டன. நான் ஒரு கட்டம் கூடுதலாகக் கேட்டேன்: 'காட்டியவர்'. பறவையை அல்லது கூட்டை முதலில் கண்டு அங்கத்தவருக்குச் சொன்னவரின் பெயர்.

மூத்த அங்கத்தவர் ஒருவர் மறுத்தார். அவருடைய வாதம் அற்பமானதன்று. "பதிவு என்பது பொறுப்பு. தவறானால் கேட்க ஓர் அங்கத்தவர் இருக்க வேண்டும். அங்கத்தவரல்லாதவர் கண்டதற்கு யார் பொறுப்பு?" என்றார். எங்கள் செய்தியாசிரியரும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார். இன்னொருவர் வேறொரு பயத்தைச் சொன்னார். அரிய பறவையின் கூட்டைக் காட்டியவர் பெயரும் தோட்டமும் வெளியானால், புகைப்படக்காரர் கூட்டம் அவரைத் தேடி வரும்; வேலை நேரத்தில் ஏன் பறவை பார்த்தாய் என்று தோட்ட நிருவாகமும் கேட்கும். இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

உலகிலும் இந்த விவாதம் ஓய்ந்தபாடில்லை. அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023-இல், மனிதர் பெயரால் வழங்கும் ஆங்கிலப் பறவைப் பெயர்களை மாற்றப்போவதாக அறிவித்தது. ஓடுபன் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதால், அவர் பெயரைத் தாங்கிய தேசியச் சங்கம் பெயரை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அதே வருடம் தேசியச் சங்கம் பெயரை வைத்துக்கொள்ள முடிவு செய்தது. சியாட்டில் போன்ற இடங்களின் கிளைகள் மாற்றிக்கொண்டன. பெயரை அகற்றுவது அங்கே நீதியாக இருக்கலாம். எங்கள் நிலைமை வேறு. மனிதர் பெயர்கள் யாவும் போகட்டும் என்று விதித்தால், துரைமார் பலர் போவார்கள். அவர்களோடு எங்களுக்கென்று இருக்கிற ஒரேயொரு முத்துவும் போவான். இருக்கிற பெயரை அழிப்பதைவிட, இல்லாத பெயரைச் சேர்ப்பது எங்களுக்கு முதல் வேலை என்றேன்.

ஈற்றில் ஒரு சமரசம் ஏற்பட்டது. 'பதிந்தவர்' அங்கத்தவர், பொறுப்பு அவருடையது. 'காட்டியவர்' தனிக் கட்டம், கட்டாயமில்லை, காட்டியவரின் சம்மதம் கேட்ட பின்னரே நிரப்ப வேண்டும், விரும்பாவிட்டால் பொதுப்பார்வைக்கு மறைத்து, சங்கத்தின் பதிவில் மட்டும் வைக்கலாம். வரலாற்றுப் பக்கத்தில் முத்துவுக்கு ஒரு பந்தி கிடைத்தது. அந்தப் புகைப்படத்தின் குறிப்பு, மும்மொழியிலும், 'பெயர் பதியப்படாத எழுவருடன்' என்று திருத்தப்பட்டது. சிறிய திருத்தந்தான். பெயர் இல்லை என்பது அவர்களுடைய குறையன்று, பதிவின் குறை என்பதையாவது அது சொல்கிறது.

தளம் வெளியாயிற்று. முதல் சில மாதங்கள் நான் ஆவலோடு பார்த்தேன். 'காட்டியவர்' கட்டம் வெறுமையாகவே இருந்தது. பிறகொரு நாள் இளைஞர் அழைத்தார். "ஐயா, அப்புத்தளைப் பக்கமிருந்து ஒன்று வந்திருக்கிறது, பாருங்கள்." பார்த்தேன். அருகிவரும் மலைப்பறவை ஒன்றின் கூடு, தெளிவான புகைப்படம், அங்கத்தவரின் முழுப்பெயர். 'காட்டியவர்' கட்டத்தில் இப்படி இருந்தது: 'கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர்.'

கணினியை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். 1854-இல், மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத காலத்தில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் முத்துவின் பெயரைக் கேட்டு எழுதிவிட்டார். கையில் ஆயிரம் படம் பிடிக்கும் தொலைபேசியோடு போன நம்மவர் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்க மறந்துவிட்டார். அவர் கெட்டவர் அல்லர். பிறகு பேசிப் பார்த்ததில் என்னைவிடப் பணிவான மனிதர் என்று தெரிந்தது. "கேட்கத் தோன்றவில்லை ஐயா" என்றார். பதுளை நிருபராக இருந்து பசறை நிருபரின் பெயரை வெட்டியவனுக்கு அந்தப் பதில் நன்றாகவே விளங்கியது.

இரண்டு கிழமைகளுக்குப் பின் அவர் மறுபடியும் அந்தத் தோட்டத்துக்குப் போனார். கேட்டார். அந்த அம்மா முதலில் சிரித்தாராம். பிறகு தம் பெயரோடு தகப்பன் பெயரையும் சொல்லி, இரண்டையும் போடச் சொன்னாராம். இப்போது அந்தப் பதிவில் அவை தமிழ் எழுத்தில், ஒருங்குறியில், தேடினால் கிடைக்கும்படி இருக்கின்றன. இங்கே எழுத அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை. ஆகவே எழுதவில்லை.

வாசகர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, உங்கள் ஊர்ச் சங்கம், பழைய மாணவர் மன்றம், கோயில் சபை, நூலகம் ஏதாவது ஒன்று தன் இணையத்தளத்தைப் புதுப்பிக்கப் போவதாகச் சொன்னால், நிறத்தையும் எழுத்தளவையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் பழைய புகைப்படங்களின் குறிப்புகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பின்வரிசையில் நிற்பவர்களின் பெயரைச் சொல்லக்கூடிய ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கலாம். என் பாட்டனார் இப்போது இல்லை.